வேலைக்குப் போற டீச்சர்

எங்கள் ஊரில் வெளிக்கிட்டு நிற்கிற ஆளிடம் "எங்கை போறியள்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும் என்பார்கள். "என்ன, தூரப் பயணமோ?" என்றுதான் கேட்பார்கள். கேட்கப்பட்டவரும் பட்டும் படாமலும் "இல்லை, உதிலை ஒருக்கால்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அக்கா மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். விரித்த குடையோடு நின்று, கேட்டவரின் முகத்தைப் பார்த்து, "வேலைக்கு" என்பார். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

மற்ற டீச்சர்மார் "பள்ளிக்கூடத்துக்கு" என்று சொல்வார்கள். சம்பளம் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சொல் போதும். அக்காவுக்குச் சம்பளம் இல்லை. அவர் தொண்டர் ஆசிரியை. அந்த நாட்களில் தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்கள் வர மாட்டார்கள். வந்தாலும் ஒரு தவணை நின்றுவிட்டு, யாரையாவது பிடித்து மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். கடல், பாஸ், நேவிக்காரனின் சோதனை என்று எத்தனை கரைச்சலைத்தான் ஒருவர் தாங்குவார்? அந்த இடைவெளியை ஊரிலேயே இருந்த படித்த பிள்ளைகள் காசு வாங்காமல் நிரப்பினார்கள். இப்படியே படிப்பித்துக்கொண்டிருந்தால் அரசாங்கம் ஒரு நாள் நிரந்தரமாக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நாளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நியமனம். வயதெல்லை தாண்டுமுன் அது வரவேண்டும். தாண்டினால் அவ்வளவுதான், செய்த தொண்டு கடலில் கரைத்த உப்பு.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர், எனக்கு அக்கா. அவருடைய வீட்டுக்கும் எங்களுடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. இடம்பெயர்ந்து போய், தொண்ணூற்றாறுக்குப் பிறகு புங்குடுதீவு மடத்துவெளிக்குத் திரும்பி வந்த கொஞ்சக் குடும்பங்களில் நாங்கள் இரண்டு. மற்ற வளவுகளில் நாயுருவியும் பாம்பும்தான் குடியிருந்தன. அவர் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்தவர். நான் ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு ஒரு வேலையும் இல்லாமல் வேலியோரம் நின்று வாயடிக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவே சொல்வா, "உனக்கு நாக்கிலை குறைச்சு மூளையிலை கூட்டி வைச்சிருக்கலாம் ஆண்டவர்" என்று.

அந்த நாக்கால் ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிணற்றடியில் அக்கா ஒரு வெள்ளைச் சேலையைத் தோய்த்து, கஞ்சி போட்டு, பிறகு கஞ்சி கூடிவிட்டது என்று அலசி, திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "என்னக்கா, உங்களுக்கு வேறை வேலை இல்லையே?" என்றேன். இது யாழ்ப்பாணத்தில் ஒரு நாளைக்கு நூறு தரம் புழங்குகிற பேச்சு. புருசன் பெண்சாதிக்குச் சொல்வான், பிள்ளை தாய்க்குச் சொல்லும், பஸ் கொண்டக்டர் ஊருக்கே சொல்வான். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு "வேலை வெட்டி இல்லாமல்", "வேலை மினக்கெட்டு", "கண்டறியாத வேலை" என்று என் வாயில் நாள் முழுக்க ஓடுகிற சொற்களையெல்லாம் அவர் முன்னால் விழுங்கப் பழகினேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா! தமிழில் பாதி ஏச்சு வேலையை வைத்துத்தான் இருக்கிறது.

அவர் காலையில் குறிகட்டுவானுக்கு பஸ் எடுத்து, இறங்குதுறையில் நேவியின் சோதனைக்கு வரிசையில் நின்று, வள்ளம் ஏறி அக்கரைத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். கடல் கொந்தளிக்கிற நாளில் சம்பளம் எடுக்கிற டீச்சர்மாரே "இண்டைக்கு ஏலாது" என்று திரும்பி வந்துவிடுவார்கள். அக்கா வள்ளம் விடும்வரை கல்லில் குந்திக்கொண்டிருப்பார். "காய்ச்சலெண்டாலும் போறியளே, ஒரு நாள் நிண்டால் என்ன? ஆரும் சம்பளம் வெட்டப் போகினமோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுதானடி. வெட்ட ஒண்டுமில்லாத ஆள் லீவு எடுத்தால் பிறகு அது வேலையே இல்லை" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பள நாள் என்று ஒன்று வரும். அன்றைக்கு டீச்சர்மார் எல்லோரும் நேரத்தோடு வெளிக்கிட்டு ஒன்றாக வங்கிக்குப் போவார்கள். அக்காவும் போவார். வங்கியில் அவருக்குக் கணக்கே இல்லை. மற்றவர்கள் வரிசையில் நிற்க, அவர் சுவரோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். முடிந்ததும் எல்லோரோடும் எழும்பி வருவார். வருகிற வழியில் தாய்க்கு ஒரு கடதாசிச் சரை கடலையோ மிக்சரோ வாங்குவார். தாய் படுக்கையில் விழுந்து கன காலம். பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிற ரியூசன் காசில்தான் வீடு ஓடியது. ஆனால் சரை மட்டும் சம்பள நாளன்றுதான் வரும். "பிள்ளைக்குச் சம்பளம் போட்டிட்டாங்கள்" என்று தாய் படுத்தபடியே எங்கள் பக்கம் கேட்கச் சொல்லுவா. மகளின் நிலை தாய்க்குத் தெரியுமோ தெரியாதோ, அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. இரண்டாயிரத்தாறு ஆவணி. கண்டி றோட்டை மூடினதோடு யாழ்ப்பாணம் முழுவதுமே ஒரு தீவாகிவிட்டது. எல்லாம் கப்பலில் வரவேண்டும், கப்பலோ வந்தால் வரும். மாவில்லை, சவர்க்காரமில்லை, சீமெந்தில்லை, டீசலில்லை. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை. கடைகள் பாதிக் கதவு திறந்து வைத்திருந்தன. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கந்தோர்களைப் பூட்டிக்கொண்டு போக, அங்கே வேலை செய்த பெடியளும் பெட்டையளும் வீட்டில் வந்து குந்தினார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத வீடுகளில் முதலில் நின்றது ரியூசன். அக்காவின் விறாந்தையில் பின்னேரம் பிள்ளைகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியாக வந்துகொண்டிருந்த மீன்காரனின் மகளும் ஒரு நாள் வந்து, "அப்பா வேண்டாமாம் டீச்சர்" என்று படலையிலேயே சொல்லிவிட்டு ஓடியது.

அப்போதுதான் அக்கா முதல்முறையாக என்னிடம் வந்து, "சனிக்கிழமை ரவுணுக்குப் போவமே? பகுதிநேரமா ஏதேன் கிடக்கோ பாப்பம்" என்றார். நானும் வேலை தேடித்தானே இருந்தேன். இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். மண்ணெண்ணெய் நாற்றத்தோடு ஓடுகிற மினிவான், இறங்கி ஏறி இறங்கி ஏறி எத்தனையோ சோதனை. யாழ்ப்பாண ரவுணில் ஒரு புடவைக்கடை. முதலாளி நல்ல மனிசன். எங்களை இருத்திவைத்துத்தான் கதைத்தார்.

"பிள்ளையள், தட்டைப் பாருங்கோ. துணியே இல்லை. நிக்கிற பெட்டையளையே பாதிப் பேரை வீட்டை அனுப்பிப்போட்டன். எண்டாலும் கணக்குவழக்குத் தெரிஞ்ச ஒராள் வேணும்தான்." அக்காவைப் பார்த்து, "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்.

"படிப்பிக்கிறன்" என்றார் அக்கா.

"ஓ, டீச்சரே! பிறகு ஏன் பிள்ளை இஞ்சை வாறியள்? வேலை இல்லாததுகள் எவ்வளவு அலையுதுகள், அதுகளுக்கு விடுங்கோவன்."

அக்கா கதிரையை விட்டு எழும்பி, "அதுவும் சரிதான், போட்டு வாறம்" என்றார். எனக்கு ஏ.எல். தராதரம் போதாது என்று முதலாளி முதலே சொல்லிவிட்டார், அது வேறு கதை. றோட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன்.

"சம்பளம் இல்லையெண்டு சொன்னால் உங்கடை வாய் அழுகிப்போமோ? வேலை இல்லை, வேலை இல்லை, வேலை இல்லை! மூண்டு தரம் சொல்லிப் பழகுங்கோ!"

சந்தியில் நின்ற ஆமிக்காரனே திரும்பிப் பார்த்தான். அக்கா குடைக்குள் என்னை இழுத்து, "கத்தாதை. வேலை இல்லையெண்டு சொல்லிக் கேட்டால் அது பிச்சையடி. எட்டு வருசமா நான் ஒவ்வொரு நாளும் போறன். போகேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். எனக்கு இருந்த கோபம் மட்டும் குறையவில்லை.

அடுத்த வருடம் அந்தக் கதை வந்தது. பட்டதாரிகளுக்கு நியமனம் கொடுக்கப் போகிறார்களாம். அக்காவுக்கு வயதெல்லைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. இதுதான் கடைசி வள்ளம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டதாரிகள் ஒரு சங்கம் அமைத்து ரவுணில் தடியில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். "வாருங்கோவன், போய்ப் பேரைக் குடுப்பம்" என்று நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். துணியில் பெரிய எழுத்தில் "வேலையற்ற பட்டதாரிகள்" என்று இருந்தது. அக்கா தெருவின் மற்றப் பக்கத்தில் நின்று அதை வாசித்தார். பிறகு, "நான் பட்டதாரிதான்" என்றார். தாண்டி அந்தப் பக்கம் வரவில்லை. நல்ல காலம், சங்கத்தில் சேராதவர்களையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நேர்முகத்தன்று அதே வெள்ளைச் சேலை. தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். துணைக்கு நான். கந்தோரின் முன்னால் ஒரு வேப்பமரம், அதன் கீழே தாய்மாரும் தமையன்மாரும் புருசன்மாரும் என்று என்னைப்போல ஒரு கூட்டம். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். "ஒண்டுமில்லை, சும்மா ரண்டு கேள்வி" என்றான் ஒருவன். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வழியில் சோடா வாங்கித் தந்தார். குடித்துக்கொண்டே, "என்ன கேட்டவை?" என்றேன்.

"நடுவிலை இருந்தவர் நல்ல மரியாதையான ஆள். பட்டம் எந்த வருசம் எண்டு கேட்டார். பிறகு, இப்ப வேலை செய்யிறீரோ எண்டார்."

நான் சோடாப் போத்தலை வாயிலிருந்து எடுத்தேன். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னனான்."

"அக்கா!"

"எங்கை எண்டார். பள்ளிக்கூடத்தின்ரை பேரைச் சொன்னன். எழுதிக்கொண்டார். சரி, நீர் போகலாம் எண்டார்." அவருடைய முகத்தில் ஒரு பெருமை இருந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மற்றவர்கள் எல்லாம் வீட்டில் இருக்கிறவர்கள், தான் மட்டும்தான் ஏற்கெனவே படிப்பிக்கிறவள், ஆகவே தனக்குத்தான் முதலில் தருவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். வேலை இல்லாத ஆட்களுக்குக் கொடுக்கிற வேலை அது. வேலை இருக்கிறது என்று சொன்ன ஆளின் பெயரில் ஒரு கோடு இழுப்பதற்கு எவ்வளவு நேரம்?

அதை நான்தான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். பஸ் நிலையத்து வாங்கிலில் இருந்து, மெல்ல மெல்ல, ஒரு சாவீட்டுச் செய்தி சொல்வதுபோல. "கேட்டதுக்குத்தானே பதில் சொன்னனான்" என்றார் அக்கா.

பெயர்ப்பட்டியல் வந்தது. அவர் இல்லை. ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள், கிராம அலுவலரிடம் வேலையற்றவர் என்று உறுதி வாங்கிக்கொண்டு வரலாம் என்றார்கள். கிராம அலுவலரை நாங்கள் விதானையார் என்போம். எங்கள் விதானையார் தங்கமான மனிசன், ஆனால் பயந்த சுபாவம். பொய்யென்று பின்னால் யாரும் பெட்டிசம் போட்டுவிடுவார்களோ என்று கனவிலும் யோசிக்கிற ஆள். அக்காவை நான் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனேன்.

"டீச்சர், வாருங்கோ, இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டார். விசயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "டீச்சர், நீங்கள் ஒன்பது வருசமா விடியப்புறம் குடையோடை போறதை ஊரே பாக்குது. நானும் பாக்கிறன். தூரப் பயணமோ எண்டு நானே கேட்டிருக்கிறன். வேலைக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப வேலை இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"சம்பளம் இல்லை விதானையார்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அதைப் பள்ளிக்கூடத்து அதிபர் எழுதித் தரட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறன் கையெழுத்தை."

அதிபரிடம் அக்கா தனியாகவே போனார். சம்பளம் கொடுக்காமல் ஒராளை இத்தனை வருடம் வைத்திருந்தேன் என்று எழுத்தில் கொடுத்தால் மேலிடத்தில் தன் கழுத்துக்குத்தான் கத்தி என்று அவர் சொல்லிவிட்டாராம். "பாவம், அந்த மனிசனும் என்ன செய்யிறது" என்றார் அக்கா. அவருக்கு எல்லோரும் பாவம். தன்னைத் தவிர.

திரும்பவும் விதானையார். அவர் ஒரு வழி சொன்னார். "டீச்சர், இண்டையிலிருந்து பள்ளிக்கூடப் பக்கம் போகாமல் வீட்டிலை நில்லுங்கோ. நாலு சனம் காணட்டும். அதுகளைக் கேட்டுப்போட்டு, மாச முடிவிலை வேலையில்லாமல் வீட்டிலை நிக்கிறா எண்டு எழுதித் தாறன். அது பொய்யில்லைத்தானே?"

விசர்க் கதை மாதிரித்தான் இருந்தது. வேலை எடுக்கவேண்டுமென்றால் வேலைக்குப் போகக் கூடாது! ஆனால் வேறு வழி? அக்கா ஓம் என்றார். அடுத்த நாள் காலை குளித்து, தலை இழுத்து, வீட்டுச் சட்டையோடு விறாந்தைக் கதிரையில் இருந்தார். பஸ் போகிற நேரம் எழும்பினார், திரும்ப இருந்தார். உள்ளே இருந்து தாயின் குரல் வந்தது.

"பிள்ளை, இண்டைக்கு வேலை இல்லையே?"

வேலிக்கு இந்தப் பக்கம் நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"லீவு அம்மா" என்றார் அக்கா.

அதோடு எல்லாம் முடிந்தது. அன்று அது எனக்கு விளங்கவில்லை. ஒருநாளும் வீட்டில் நிற்காத டீச்சர் வீட்டில் நிற்கிறா என்றால் சனம் சும்மா இருக்குமா? என்ன வருத்தமோ ஏதோ என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி இடியப்பம் அவித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி கைமருந்தோடு வந்தாள். வருகிற எல்லோரும் தாயின் கட்டிலடியில் போய் இருந்துகொண்டுதான், "டீச்சர் ஏன் வேலைக்குப் போகேல்லை?" என்று கேட்டார்கள். தாயின் முன்னால் அக்கா என்ன சொல்வார்? "லீவிலை நிக்கிறன்" என்றார். வந்தவர்கள் அதைக் கொண்டுபோய் ஊர் முழுக்கப் பரப்பினார்கள். நான் படலையில் நின்று நாலு பேரிடம், "உவவுக்கு வேலையே இல்லை, தெரியாதே உங்களுக்கு?" என்று சொல்லிப் பார்த்தேன். "போடி எரிச்சல் பிடிச்சவளே" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

மாத முடிவில் விதானையார் வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி படலையில் நின்று, உண்மையிலேயே கண் கலங்கச் சொன்னார். "டீச்சர், நான் பத்து வீடு கேட்டன். பத்துப் பேரும் நீங்கள் லீவிலை நிக்கிறியள் எண்டு சொல்லுகினம். லீவிலை நிக்கிற ஆளுக்கு வேலை இல்லையெண்டு எழுத எனக்குச் சட்டம் இல்லை."

"பரவாயில்லை விதானையார், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் அக்கா.

திங்கட்கிழமை குடையோடு வேலைக்குப் போனார்.

அந்த மாரியில் தாய் கண்ணை மூடினா. யாரோ ரவுணில் அடித்துக்கொண்டு வந்த மரண அறிவித்தலில், அன்னார் இன்ன பாடசாலை ஆசிரியையின் அன்புத் தாயார் என்று இருந்தது. மின்கம்பத்தில் ஒட்டியிருந்ததை நான் வாசித்துக்கொண்டு நின்றேன். வயதெல்லை அந்தக் கிழமைதான் தாண்டியிருந்தது. செத்தவீட்டில் என்னைவிட அதிகமாக அழுத ஆள் இல்லை. தாய்க்காகத்தான் என்று சனம் நினைத்தது.

தவணை தொடங்கியபோது பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தா. சின்னப் பெட்டை, ரவுண் பிள்ளை, கையில் நியமனம். தடியில் துணி கட்டிக்கொண்டு றோட்டில் நின்ற கூட்டத்தில் அவளும் நின்றிருப்பாள். அவளில் என்ன பிழை? வள்ளத்தில் அவள் சத்தி எடுக்க, தலையைப் பிடித்துவிட்டது அக்காதான் என்று வள்ளக்காரன் சொன்னான். கரையில் இறங்கி முகம் கழுவ வைத்து, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய், எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டாது, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வரும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மத்தியானம் அதிபர் கூப்பிட்டு, "டீச்சர், இனி நீங்கள் அலையத் தேவையில்லை" என்றாராம். நல்ல சொல்லாகத்தான் சொல்லியிருக்கிறார். அக்கா அடுத்த வள்ளத்தில் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவரை அதிகம் காணக் கிடைக்கவில்லை. எனக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணச் சாமான் நிறுத்துச் சரை கட்டுகிற வேலை கிடைத்திருந்தது. அதுவும் நாட்கூலிதான், ஆனால் வேலணைக்குப் போய்வர வேண்டும். சண்டை முடிந்த வருடம் புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நடுவே கடலுக்குள் போகிற றோட்டைத் திருத்தத் தொடங்கினார்கள். கூலிக்கு ஆட்கள் வேண்டும் என்று எங்கும் கதை. ஆண்களைவிடப் பெண்கள்தான் கூடப் போனார்கள். ஒரு நாள் பஸ்ஸை அங்கே மறித்துவிட்டார்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பத்துப் பதினைந்து பெண்கள் முகத்தைத் துவாயால் சுற்றி, மேலே தொப்பி போட்டு, இரும்புத் தாச்சியில் கல் சுமந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. ஒருத்தியும் யாரென்று பிடிபடவில்லை.

என் யன்னலுக்கு நேர் கீழே ஒரு குரல், "தாச்சியை இடுப்பிலை கொழுவாதை பிள்ளை, நாரி பிடிக்கும். ரண்டு கையாலையும் பிடி" என்றது. வகுப்பில் கடைசி வாங்கில் வரைக்கும் கேட்கிற குரல். நான் எட்டிப் பார்த்தேன். துவாய்க்குள் இருந்த இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. அடுத்த நொடி தொப்பி கடல் பக்கம் திரும்பிவிட்டது. பஸ் எடுத்தான்.

அன்று பின்னேரம் மனம் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, வெளுத்த ஒரு சேலை கட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்தார். கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். தேத்தண்ணி தரும்போது மட்டும் வெளியில் வந்தன. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து தசை தெரிந்தது. அவருடைய வாழ்க்கையில் அவர் கைக்கு வந்த முதல் சம்பளம் அதுதான், கடவுளே. ரியூசன் காசைச் சம்பளம் என்று அவரே எண்ணினதில்லை.

"எப்பிடியக்கா? இப்ப என்ன வேலை?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது. சொன்னால் கட்டிப்பிடித்து அழலாம் என்று நினைத்தேனாக்கும்.

"வேலை ஒண்டும் இல்லையடி" என்றார். தெளிவாக, என் முகத்தைப் பார்த்து, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். "சும்மா வீட்டிலைதான் நிக்கிறன்."

இந்த வசனத்தைத்தானே அன்றைக்கு அந்தக் கந்தோரில் கேட்டார்கள்! புடவைக்கடையில் கேட்டார்கள், விதானையார் ஒரு மாதம் காத்திருந்து கேட்டார்! கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. என்னுடைய இந்த நீண்ட வாய், ஒரு சொல்லுக்கும் திறக்கவில்லை. தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன். எழும்பினேன்.

"இடைக்கிடை வாவன். பகலிலை வா, முழுநாளும் வீட்டிலைதான் நிப்பன்" என்றார் படலை வரை வந்து.

"ஓமக்கா, வாறன்" என்றேன்.

அடுத்த நாள் பஸ்ஸில் நான், றோட்டு வேலை தெரியாத மற்றப் பக்கத்துச் சீற்றில் இருந்தேன்.